வார இறுதிக்கு ஒரு நகர ஹோட்டல்: அழகும் வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது

வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு திரும்புகிற பயணத்தில் பெரும்பாலும் அறை வாடகைதான் பெரிய செலவு. நீண்ட பயணம் என்றால், முதல் ஹோட்டல் சரிப்படாவிட்டால் மூன்றாம் நாள் வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு இரவுப் பயணத்தில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. கிடைத்த அறையில்தான் தூங்கி எழுந்தாக வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடினால் தப்பில்லை.

புதிதாகத் தேடுகிறவர்கள் ஆப்பைத் திறந்ததும் 'குறைந்த விலை முதலில்' என்று வரிசைப்படுத்திவிடுவார்கள். அப்படி மேலே வந்து நிற்பவை எல்லாம் வருஷம் முழுக்க மலிவாக இருக்கிற ஹோட்டல்கள். அவை மலிவாக இருப்பதற்குக் காரணமும் இருக்கும். நாம் தேட வேண்டியது, மற்ற நாட்களில் நல்ல விலைக்குப் போய், நாம் தங்கப் போகிற இரண்டு இரவு மட்டும் ஆள் இல்லாமல் விலை இறங்கி நிற்கிற ஹோட்டலை. பெரிய நகரங்களில் அப்படிப்பட்டவை நிறையவே உண்டு.

முதலில் தேதி

விற்காமல் போன அறையை மறுநாள் சேர்த்து விற்க முடியாது. அந்த இரவின் வருமானம் போனது போனதுதான். அதனால்தான் ஹோட்டல்கள் தினமும், சில சமயம் ஒரே நாளில் பல தடவையும் விலையை மாற்றுகின்றன. அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் உள்ள ஹோட்டலுக்கு திங்கள் முதல் வியாழன் வரை கம்பெனி வேலையாக வருகிறவர்களால் நல்ல கூட்டம். வெள்ளி மாலை அவர்கள் வீடு திரும்பியதும் பாதி அறை காலி. அதே நகரத்தில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கிற பகுதியில் கதை தலைகீழ்: வெள்ளியும் சனியும்தான் உச்ச விலை.

ஒரு ஹோட்டல் எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை உண்டு. அதே அறைக்கு வரும் செவ்வாய்க்கிழமை என்ன விலை, சனிக்கிழமை என்ன விலை என்று இரண்டையும் பாருங்கள். செவ்வாய் விலை அதிகமாக இருந்தால் அது அலுவலக ஆட்களை நம்பி நடக்கிற இடம். வார இறுதியில் உங்களுக்கு லாபம். கூகுளின் ஹோட்டல் தேடலில் தேதிவாரியாக விலை காட்டுகிற காலண்டர் இருப்பதால் இதற்கு அதிக நேரம் பிடிக்காது.

திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போட முடியுமானால், வெள்ளி-சனிக்குப் பதிலாக சனி-ஞாயிறு இரவுகளுக்கு விலை கேட்டுப் பாருங்கள். பல நகரங்களில் வாரத்திலேயே விலை இறங்கிக் கிடக்கிற இரவு ஞாயிறுதான். சுற்றுலாக் கூட்டம் கிளம்பிவிடும், அலுவலகக் கூட்டம் இன்னும் வந்திருக்காது.

நீங்கள் பார்க்கிற எல்லா ஹோட்டலும் ஒரேயடியாக இரண்டு மடங்கு விலை சொன்னால், அந்த வாரம் ஊரில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். வர்த்தகக் கண்காட்சி, மாரத்தான், பெரிய இசை நிகழ்ச்சி, பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா என்று ஏதாவது ஒன்று. அப்போது மல்லுக்கட்டாதீர்கள், ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். எந்தத் தள்ளுபடிக் கூப்பனும் இந்தத் தேதி மாற்றத்துக்கு ஈடாகாது.

அப்புறம் இடம்

நகரத்தின் மையத்திலேயே தங்க வேண்டும் என்பது தேவையில்லாத பிடிவாதம். நீங்கள் போக நினைக்கிற நான்கைந்து இடங்களை மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குப் போகிற மெட்ரோ அல்லது ரயில் பாதை எது என்று பாருங்கள். அந்தப் பாதையில் மையத்திலிருந்து இரண்டு மூன்று நிறுத்தம் தள்ளி, நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் வருகிற ஹோட்டல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'நகர மையத்திலிருந்து 2 கி.மீ.' என்று ஹோட்டல் பக்கத்தில் போட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அது பெரும்பாலும் மேப்பில் நேர்கோடு போட்டு அளந்த தூரம். நடுவில் ஆறு ஓடினாலும், ரயில் தண்டவாளம் குறுக்கே கிடந்தாலும் அந்தக் கணக்குக்குத் தெரியாது.

இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, கடைசி ரயில் எத்தனை மணிக்கு. இரண்டு, அந்த வார இறுதியில் அந்தப் பாதையில் பராமரிப்பு வேலை இருக்கிறதா. பல நகரங்களில் இந்த வேலையை சனி, ஞாயிறு பார்த்துத்தான் வைக்கிறார்கள். ராத்திரி டாக்ஸிக்குக் கொடுப்பது வாடகையில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

ஹோட்டலின் வாசலை, தெருவைப் படமாகக் காட்டுகிற கூகுள் மேப்பின் ஸ்ட்ரீட் வியூவில் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். தரைத்தளத்தில் பார் இருக்கிறதா, எதிரே பஸ் டிப்போவா, பக்கத்து மனையில் கட்டட வேலையா என்று ஓரளவு தெரிந்துவிடும். அந்தப் படம் என்றைக்கு எடுத்தது என்று மூலையில் போட்டிருக்கும், அதையும் கவனியுங்கள். அலுவலகப் பகுதி ஹோட்டலுக்கு ஒரு குறை உண்டு: சனி, ஞாயிறுகளில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும், கடைகளும் மூடியிருக்கும். எனக்கு அந்த அமைதி பிடிக்கும். இரவில் வாசலில் இறங்கியதுமே கலகலப்பாக இருக்க வேண்டும் என்பவர்களுக்குச் சரிப்படாது.

நட்சத்திரத்தை நம்பி அழகைத் தேடாதீர்கள்

நட்சத்திரம் என்பது வசதிகளின் கணக்கு. லிஃப்ட் இருக்கிறதா, ரிசப்ஷனில் எத்தனை மணி நேரம் ஆள் இருப்பார், அறைக்கு உணவு கொண்டுவந்து தருவார்களா என்று பட்டியல் போட்டு மதிப்பெண் போடுவதுதான் அது. உலகம் முழுமைக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. ஐரோப்பிய நாடுகள் சில 2009-இல் ஒன்றுசேர்ந்து தங்களுக்குள் ஒரு பொது அளவுகோலை வைத்துக்கொண்டன. மற்றபடி நாட்டுக்கு நாடு விதி வேறு. சில இணையதளங்களில் நட்சத்திரம் போடுவது அந்தத் தளமோ ஹோட்டலோதான். ரசனைக்கு எங்கேயும் நட்சத்திரம் இல்லை. ஐந்து நட்சத்திரத்தில் இருபது வருஷப் பழைய கார்ப்பெட்டும் பழுப்புத் திரைச்சீலையும் இருக்கலாம். நீச்சல் குளம் இல்லாத ஒரே காரணத்தால் மூன்று நட்சத்திரத்தில் நிற்கிற ஹோட்டலில் அறை அழகாக இருக்கலாம். இரண்டு இரவில் நீச்சல் குளத்தில் எத்தனை நேரம் இருக்கப் போகிறீர்கள் என்று யோசித்துவிட்டு ஃபில்டரைத் தட்டுங்கள்.

'பூட்டிக் ஹோட்டல்', அதாவது தனி ரசனையோடு வடிவமைத்த சின்ன ஹோட்டல், என்ற பெயரும் இப்படித்தான். 1984-இல் நியூயார்க்கில் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெலும் திறந்த மார்கன்ஸ் ஹோட்டல் இந்த வகைக்கு முன்னோடிகளில் ஒன்று. அதன் உள்வடிவமைப்பைச் செய்தவர் ஆந்த்ரே புட்மன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. பட்ஜெட் சிறியது என்பதால், குளியலறைக்கு விலை குறைந்த கறுப்பு-வெள்ளை டைல்ஸையே சதுரங்கக் கட்டம் போலப் பதித்தார். கடைசியில் அந்தக் குளியலறைதான் ஹோட்டலின் அடையாளமாக ஆனது. அழகுக்குச் செலவு மட்டும் போதாது, யோசித்துச் செய்ய ஓர் ஆள் வேண்டும். இன்றைக்கு பூட்டிக் என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பெயர்ப் பலகையில் எழுதிக்கொள்ளலாம், தடுப்பதற்கு ஆளில்லை. எனவே பெயரை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள்.

பட்ஜெட்டுக்குள் அழகு தேடுகிறவர்களுக்கு மூன்று வகை இடங்கள் ஒத்துவரும். அறையைச் சுருக்கி லாபியைப் பெரிதாக்கிய ஹோட்டல்கள் ஒரு வகை. 2008-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் தொடங்கிய சிட்டிசன்எம் 14 சதுர மீட்டர் அறையில் சுவருக்குச் சுவர் கட்டிலைப் போட்டது. மேரியட் நிறுவனத்தின் மாக்ஸி 2014-இல் மிலானில் தொடங்கியது; அதுவும் இதே பாணி. அடுத்தது, பழைய தபால் நிலையம், கிடங்கு, பள்ளிக்கூடம் போன்ற கட்டடங்களைப் புதுப்பித்து நடத்துகிற தனி ஹோட்டல்கள். உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் இங்கே சும்மா கிடைக்கும், ஆனால் சத்தமும் சேர்ந்து வரும். மூன்றாவது, புதிதாகத் திறந்த ஹோட்டல். ரிவ்யூ சேரும் வரை அவர்கள் விலையைக் குறைத்து வைப்பது வழக்கம். மேல்மாடியில் இன்னும் துளை போட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படத்தைப் படிக்க வேண்டும்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஹோட்டல்கள் போடுகிற படங்கள் வைட்-ஆங்கிள் லென்ஸில் எடுத்தவை. கட்டிலின் முன்பக்கம் ஒரு படகு நீளத்துக்குத் தெரிகிறதா, படத்தின் ஓரத்தில் உள்ள வட்டமான விளக்கோ வாஷ்பேசினோ முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அறை படத்தில் தெரிவதைவிடச் சின்னது. ஒரே நாற்காலியை நான்கு கோணத்தில் எடுத்துப் போட்டு, பாத்ரூமை ஒரு தடவைகூடக் காட்டாத ஹோட்டல்களும் உண்டு. காட்டாமல் விட்டதற்கு ஏதாவது காரணம் இருக்கும்.

படத்தைவிட நம்பத்தக்கது எண். அறையின் பரப்பளவைப் பெரும்பாலான தளங்கள் அறை விவரத்தில் போடுகின்றன. 12 முதல் 14 சதுர மீட்டர், அதாவது சுமார் 130 முதல் 150 சதுர அடி என்றால், கட்டிலும் சுற்றி நடக்க வழியும்தான். இரண்டு பெட்டியைத் திறந்து வைக்க இடம் இருக்காது. 18 முதல் 20 என்றால் இருவர் இடித்துக்கொள்ளாமல் இருக்கலாம். 25-க்கு மேல் போனால் ஒரு சோபாவும் மேசையும் போட இடம் இருக்கும். இரண்டு இரவுக்கு, தனியாகவோ ஜோடியாகவோ போனால் 14 தாராளமாகப் போதும் என்பது என் எண்ணம். குழந்தையோடு போனால் போதாது.

கட்டில் அளவையும் பாருங்கள். 'டபுள்' என்பது பல இடங்களில் 135 முதல் 140 செ.மீ. அகலம்தான். குவீன் சுமார் 150. இரண்டு பேருக்கு இந்த வித்தியாசம் தூக்கத்தில் தெரியும். 'ட்வின்' என்றால் இரண்டு தனித்தனிக் கட்டில்.

ஜன்னல் பற்றி ஹோட்டல்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள், சுற்றி வளைத்துச் சொல்வார்கள். 'உட்புற அறை' என்றால் ஜன்னல் இல்லாமல் இருக்கலாம். அல்லது கட்டடத்தின் நடுவே உள்ள காற்றுக் கிணற்றைப் பார்த்த ஜன்னலாக இருக்கலாம். 'வரையறுக்கப்பட்ட காட்சி' என்றால் எதிரே சுவர். பட்டியலில் மிகக் குறைந்த விலையில் காட்டுகிற அறை பல நகரங்களில் இந்த வகைதான். அடுத்த வகை அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஜன்னல் வாங்குவது, என்னைக் கேட்டால், நல்ல செலவு.

இன்னொன்று: ஸ்டைலான ஹோட்டல்களில் குளியலறைக்குக் கண்ணாடிச் சுவர் வைக்கிற மோகம் உண்டு. கதவு இல்லாத குளியலறைகளையும் பார்த்திருக்கிறேன். புதுமணத் தம்பதிகளுக்குப் பரவாயில்லை. அம்மாவோடோ அலுவலக நண்பரோடோ போகிறீர்கள் என்றால், விருந்தினர் எடுத்துப் போட்ட படங்களில் அந்தக் கண்ணாடிக்குத் திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிவ்யூ

மொத்த மதிப்பெண் வடிகட்டுவதற்கு மட்டும்தான். முடிவெடுக்க அது போதாது. 'புதியது முதலில்' என்று வரிசைப்படுத்தி, கடைசி ஆறு மாதத்தில் வந்தவற்றைப் படியுங்கள். பத்துக்குப் பத்தும் பத்துக்கு ஒன்றும் உணர்ச்சிவசப்பட்டு எழுதியவை. ஆறு, ஏழு கொடுத்தவர்கள்தான் நிதானமாக எழுதுவார்கள். "படுக்கை அருமை, ஊழியர்கள் நல்லவர்கள், ஆனால் தெருப்பக்க அறையில் விடியற்காலை குப்பை லாரி வந்து எழுப்பிவிடுகிறது" என்பது போன்ற ஒரு வரி கிடைத்தால் போதும். தெருப்பக்கம் வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடலாம். ரிவ்யூவுக்குள் தேடுகிற வசதி இருந்தால் சத்தம், வாடை, வெந்நீர், லிஃப்ட், பூச்சி ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒரே புகார் வெவ்வேறு மாதங்களில் திரும்பத் திரும்ப வந்தால் அது உண்மை.

புக்கிங்.காம் தன் வழியாக அறை எடுத்தவர்களை மட்டுமே ரிவ்யூ எழுத விடுகிறது. கூகுளிலும் ட்ரிப்அட்வைசரிலும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதற்காகப் பின்னவற்றை ஒதுக்க வேண்டாம். சொந்தமாக எடுத்த படங்கள் அங்கேதான் நிறைய கிடைக்கும்.

விலையை ஒப்பிடும்போது

ஐந்து தளம் பார்த்துவிட்டேன் என்று திருப்திப்படுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். புக்கிங்.காம், அகோடா, பிரைஸ்லைன், கயாக் எல்லாம் புக்கிங் ஹோல்டிங்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். எக்ஸ்பீடியாவும் ஹோட்டல்ஸ்.காமும் எக்ஸ்பீடியா குழுமத்தின் கையில். ட்ரிவாகோவின் பெரும்பங்கும் அங்கேதான். ஆக, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தளம் பார்த்தால் போதும். மூன்றாவதாக ஹோட்டலின் சொந்த இணையதளத்தைக் கட்டாயம் பாருங்கள். இடைத்தரகர் தளத்துக்கு ஹோட்டல் கொடுக்கிற கமிஷன் பெரும்பாலும் 15 சதவீதத்துக்குக் குறையாது. நேரடியாக வருகிறவரிடம் அது அவர்களுக்கு மிச்சம். "இந்தத் தளத்தில் இந்த விலை பார்த்தேன், நேராக எடுத்தால் இதே விலைக்குக் காலை உணவு சேர்த்துத் தருவீர்களா" என்று ஒரு போன் போட்டுக் கேட்பதில் தவறே இல்லை. இலவச உறுப்பினர் ஆனால் உடனே விலை குறைகிற ஹோட்டல் குழுமங்களும் இருக்கின்றன.

ஒப்பிட வேண்டியது கடைசிப் பக்கத்து விலையை. வரி, சேவைக் கட்டணம், சில ஊர்களில் 'ரிசார்ட் கட்டணம்' அல்லது 'வசதிக் கட்டணம்', இதற்கு மேல் ஹோட்டல் கவுன்ட்டரில் கையில் கட்ட வேண்டிய நகர வரி என்று ஒவ்வொன்றாக ஏறும். அமெரிக்காவில் 2025 மே 12 முதல், அரசு வரி தவிர மற்ற கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்துத்தான் விலையைக் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. முதல் பக்கத்தில் மலிவாகத் தெரிந்த ஹோட்டல் கடைசிப் பக்கத்தில் மற்றதைத் தாண்டிவிடுவது சாதாரணம்.

"இந்த விலையில் இன்னும் ஒரே ஒரு அறை!", "இப்போது 12 பேர் பார்க்கிறார்கள்!" என்று சிவப்பு எழுத்தில் வருவதைக் கண்டு பதற வேண்டாம். ஒரே அறை என்பது பல சமயம் அந்தத் தளத்துக்கு ஒதுக்கிய பங்கில், அந்த விலையில் மிச்சமிருப்பது. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இப்படிப்பட்ட அவசரப்படுத்தும் செய்திகளை விசாரித்து, 2019-இல் ஆறு பெரிய தளங்களிடம் மாற்றிக்கொள்வதாக உறுதி வாங்கியது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் அறை இருக்கும்.

வெளிநாட்டில் தங்குகிறீர்கள் என்றால், கார்டு மெஷினில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, இந்த ஊர்ப் பணத்திலா" என்று கேட்கும். ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தை அழுத்தினால் மாற்று விகிதத்தில் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள்.

எப்போது புக் செய்வது

சீக்கிரம் எடுத்தால் மலிவா, கடைசி நேரத்தில் மலிவா என்ற விவாதத்துக்குள் போக வேண்டியதில்லை. பிடித்த ஹோட்டலை, இலவசமாக கேன்சல் செய்யக்கூடிய விலையில், தேதி முடிவானதுமே எடுத்து வையுங்கள். கேன்சல் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக போனில் நினைவூட்டல் வையுங்கள். அன்றைக்கு மறுபடி விலை பாருங்கள். இறங்கியிருந்தால் புதியதை முதலில் எடுத்துவிட்டு, அது உறுதியான பிறகு பழையதை கேன்சல் செய்யுங்கள். ஏறியிருந்தால் கையில் இருப்பதே லாபம். கெடு நேரம் ஹோட்டல் இருக்கிற ஊரின் கடிகாரப்படி என்பதை மறக்க வேண்டாம்.

பணம் திரும்பி வராத விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். இரண்டு இரவு மிச்சத்துக்காக அந்த ரிஸ்க் எடுப்பது பயணம் நூறு சதவீதம் உறுதியானவர்களுக்கு மட்டும்தான்.

புக் செய்த பிறகு

பலர் இதைச் செய்வதில்லை, ஆனால் நல்ல அறை கிடைப்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. ஒரே விலையில், ஒரே பெயரில் விற்கிற அறைகளுக்குள்ளேயே நல்லதும் சுமாரும் உண்டு. எதை யாருக்குக் கொடுப்பது என்று ரிசப்ஷனில் இருப்பவர் முதல் நாளோ அன்று காலையோதான் பிரிக்கிறார். மூன்று நாள் முன்னதாக ஹோட்டலுக்கே ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள்:

"வணக்கம். வெள்ளி இரவும் சனி இரவும் எங்கள் பெயரில் அறை இருக்கிறது. இரவு 9 மணி வாக்கில் வந்துசேர்வோம். முடிந்தால் மேல்தளத்தில், லிஃப்ட்டுக்கும் தெருவுக்கும் தள்ளி ஓர் அறை கொடுத்தால் உதவியாக இருக்கும். ஞாயிறு மாலை வரை பெட்டிகளை உங்களிடம் வைத்துவிட்டுப் போகலாமா?"

தாமதமாக வருவதைச் சொல்வது முக்கியம். சொல்லாவிட்டால் 'வரவில்லை' என்று வைத்து அறையை வேறொருவருக்குக் கொடுக்கிற ஹோட்டல்கள் உண்டு. பெட்டி விஷயமும் அப்படித்தான். பொதுவாக செக்-இன் பிற்பகல் 2 அல்லது 3 மணி, செக்-அவுட் காலை 11 அல்லது 12. பெட்டியை வைக்க இடம் இல்லையென்றால் ஞாயிறு முழுக்க அதை உருட்டிக்கொண்டு அலைய வேண்டும்.

அறைக்குள் நுழைந்ததும்

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஏசியைப் போட்டு என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். மெத்தையின் தைப்பு ஓரங்களைத் தூக்கிப் பாருங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கேதான் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஜன்னல் மூடுகிறதா, கதவின் உள் தாழ்ப்பாள் விழுகிறதா, பாத்ரூமில் சாக்கடை வாடை அடிக்கிறதா. ஏதாவது சரியில்லையென்றால் அப்போதே கீழே போய்ச் சொல்லுங்கள். படுக்கையைக் கலைப்பதற்கு முன் கேட்டால் அறை மாற்றித் தருவது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. இரவு 11 மணிக்குப் போன் செய்தால் வேறு அறை இருக்காது.

செக்-இன் செய்யும்போது டெபாசிட்டுக்காக கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் கணக்கிலிருந்தே முடங்கி, விடுபட சில நாட்கள் ஆகலாம். கிரெடிட் கார்டு இருந்தால் அதையே கொடுங்கள். கிளம்பும்போது பில்லை அச்சில் வாங்கி, கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே ஒரு தடவை பாருங்கள். நீங்கள் தொடாத மினிபார் பாட்டில் அதில் ஏறியிருந்தால், அங்கேயே அப்போதே நீக்கச் சொல்வதுதான் சுலபம்.